கல்யாண வேலையில் மாப்பிள்ளையின் பங்கு: எந்த வழி ஒத்துவரும்?

கல்யாணத்தன்று மதியம். சடங்கெல்லாம் முடிந்து நானும் மனைவியும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். மண்டபத்துக்கு அலங்காரம் செய்தவர் வந்து எனக்குப் பின்னால் தயங்கி நின்றார். கையில் நான்காக மடித்த ஒரு சீட்டு. பாக்கிப் பணத்தை யாரிடம் வாங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. அப்பாவிடம் போயிருக்கிறார், அப்பா மாமனாரைக் காட்டியிருக்கிறார். மாமனார் என் தம்பியிடம் அனுப்பியிருக்கிறார். தம்பி, "அண்ணனையே கேட்டுடுங்க" என்று சொல்லிவிட்டான். எனக்கோ பாக்கி எவ்வளவு என்பதே தெரியாது. என் மனைவி கை கழுவிவிட்டு எழுந்து போய், கைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துப் புரட்டி, முன்பணம் இவ்வளவு போயிருக்கிறது, மீதி இவ்வளவு என்று சொன்னாள். கல்யாணப் பெண், கல்யாணத்தன்று, கணக்கு நோட்டைக் கூடவே வைத்திருந்தாள்.

அந்த இரண்டு நிமிடம் எனக்கு நன்றாக உறைத்தது. நான் வேலை செய்யாத மாப்பிள்ளை இல்லை. சொன்ன வேலையை எல்லாம் செய்தேன், ராத்திரி பகல் பார்க்காமல் அலைந்தேன். ஆனால் அத்தனை வேலையில் ஒன்றுகூட முழுசாக என்னுடையதாக இருக்கவில்லை. எல்லாமே அவள் தலையில் இருந்தன. நான் கையும் காலுமாக மட்டும் இருந்தேன்.

அதற்கப்புறம் தம்பிமார்கள், நண்பர்கள் என்று கல்யாணம் நிச்சயமான யார் வந்து "நான் என்னென்ன பண்ணணும்?" என்று கேட்டாலும், வேலைகளைப் பட்டியல் போட்டுக் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். பட்டியல் எங்கும் கிடைக்கும். அதைவிட முன்னால் முடிவு செய்ய வேண்டியது, எந்த வழியில் இந்த வேலைக்குள் இறங்கப் போகிறோம் என்பது. நான் பார்த்தவரை ஐந்து வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நியாயம் உண்டு, ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் விலை கொடுக்கிறார்.

வீட்டில் பார்த்துக்கொள்வார்கள் என்று விடுவது

இதை முதலிலேயே தப்பு என்று ஒதுக்க நான் தயாரில்லை. பெரியவர்களுக்கு நமக்குத் தெரியாத பல விஷயங்கள் தெரியும். எந்தச் சித்தப்பாவுக்கு நேரில் போய்ச் சொல்லாவிட்டால் வர மாட்டார், எந்த இரண்டு குடும்பங்களை ஒரே அறையில் தங்கவைக்கக் கூடாது, போன கல்யாணத்தில் எந்தச் சமையல்காரர் கடைசி நேரத்தில் கைவிட்டார் என்பதெல்லாம் எந்தக் கணினியிலும் இல்லை, அம்மா அப்பாவின் நினைவில்தான் இருக்கிறது. மாப்பிள்ளை தொலைவில் வேலை பார்க்கிறார், விடுப்பே பத்து நாள்தான் என்றால், இந்த வழியைத் தவிர வேறு போக்கும் இல்லாமல் போகலாம்.

இதில் பலரும் சொல்லும் குறை, நமக்குப் பிடித்த மாதிரி கல்யாணம் நடக்காது என்பது. எனக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை. ஒரு நாள் அலங்காரம் பிடித்த நிறத்தில் இல்லாவிட்டால் குடி முழுகிவிடாது. உண்மையான சேதம் வேறு இடத்தில் நடக்கிறது. மாப்பிள்ளை ஒதுங்கிக்கொண்டால், பெண் நேரடியாக அவருடைய அப்பா அம்மாவிடம் பேச வேண்டி வருகிறது. இன்னும் சரியாகப் பழகக்கூட இல்லாத மாமியாரிடம் போய், "இவ்வளவு பேரைக் கூப்பிட முடியாது அத்தை" என்று அவள் சொல்ல வேண்டும். அவள் சொன்னால் அது எதிர்ப்பு. அதையே மகன் சொன்னால் வீட்டுப் பேச்சு. இந்த வித்தியாசம் கல்யாணத்தோடு முடிவதில்லை. வருஷக்கணக்கில் மனதில் நிற்கிறது.

அதனால் இந்த வழியை எடுக்கிறவர்கள் மூன்றை மட்டும் யாரிடமும் விடக் கூடாது: மொத்தச் செலவுக்கு மேல்வரம்பு, தன் நண்பர்கள் பட்டியல், தன் வீட்டாரிடம் பேசும் பேச்சு. வாரம் ஒருமுறை போனில் செய்தாலே இந்த மூன்றும் நடந்துவிடும்.

"என்ன செய்யணும்னு சொல்லு, செய்றேன்"

பெரும்பாலான நல்ல பையன்கள் எடுக்கும் வழி இதுதான். நானும் இதைத்தான் எடுத்தேன். வெளியில் இருந்து பார்த்தால் அழகாக இருக்கும். மாப்பிள்ளை எல்லாவற்றுக்கும் ஓடுகிறார், கோபப்படுவதில்லை, மறுப்பதில்லை. உறவுக்காரர்கள் புகழ்வார்கள்.

2019இல் அமெரிக்கச் சமூகவியலாளர் அலிசன் டாமிஞ்சர் 35 தம்பதிகளிடம் விரிவாகப் பேசி, வீட்டு வேலையில் கண்ணுக்குத் தெரியாமல் தலைக்குள் நடக்கும் உழைப்பை நான்காகப் பிரித்தார். என்ன தேவைப்படும் என்று முன்கூட்டி உணர்வது, அதற்கு என்னென்ன வழிகள் உண்டு என்று தேடுவது, முடிவெடுப்பது, எடுத்த முடிவு நடந்ததா என்று தொடர்ந்து கவனிப்பது. இந்த நான்கில் முடிவெடுப்பதை மட்டும் பெரும்பாலும் இருவரும் சேர்ந்து செய்தார்கள். முன்கூட்டி உணர்வதும் கடைசிவரை கவனிப்பதும் பெண்கள் பக்கமே அதிகம் விழுந்தன. அவர் ஆராய்ந்தது குடும்பம் நடத்துகிறவர்களை. ஆனால் இதைப் படித்தபோது என் கல்யாண நாட்கள்தான் எனக்கு ஞாபகம் வந்தன.

வண்டி ஏற்பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். "வண்டிக்குச் சொல்லிட்டீங்களா?" என்று அவள் கேட்டாள். சொன்னேன். அரை மணி நேர வேலை, மூன்று போன். வேலை முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அந்தக் கேள்விக்கு முன்னால் அவள் என்னென்ன யோசித்திருந்தாள் என்பது பின்னால்தான் புரிந்தது. யார் யார் எத்தனை மணிக்கு வந்து இறங்குகிறார்கள், அதில் எத்தனை பேர் ஒரே நேரத்தில், யாருக்கு முழங்கால் வலி, உயரமான படி உள்ள வேனில் அவரால் ஏற முடியுமா, கைக்குழந்தையோடு வருகிறவர்களை எங்கே உட்காரவைப்பது. போனுக்குப் பின்னாலும் வேலை இருந்தது. ஓட்டுநர்களின் எண்களை வருகிறவர்களிடம் கொடுப்பது, விருந்தினர்களின் எண்களை ஓட்டுநர்களிடம் கொடுப்பது, ஓட்டுநர்கள் எங்கே சாப்பிடுவார்கள், இரவு எங்கே படுப்பார்கள், திரும்பிப் போக எத்தனை மணிக்கு வண்டி என்று பார்ப்பது. நடுவில் இருந்த மூன்று போன்தான் என்னுடையது. முன்னும் பின்னும் அவளுடையது.

சொன்னதைச் செய்வதில் இதுதான் சிக்கல். ஒரு வேலையைச் சொல்லவே ஒருவர் முழுசாக யோசிக்க வேண்டியிருக்கிறது. அப்புறம் அது நடந்ததா என்று மறுபடி கேட்கவும் வேண்டும். இரண்டு தடவை கேட்டால் நச்சரிப்பு என்று பெயர். கேட்காவிட்டால் வேலை நிற்கும். கல்யாணத்துக்கு முந்தைய வாரம் பெண் ஏன் சிடுசிடுக்கிறாள் என்று புரியாமல் நிற்கும் மாப்பிள்ளைகள், கடைசி பத்து நாளில் அவளிடம் இப்படி எத்தனை கேள்வி கேட்டார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம்.

இருந்தும் இந்த வழி பொருந்தும் இடம் ஒன்று உண்டு. பெண்ணுக்கு ஏற்பாடு செய்வதில் உண்மையான ஆர்வமும் அனுபவமும் இருந்து, "முழுசா நான் பாத்துக்கறேன், கூட நில்லுங்க போதும்" என்று அவளே விரும்பிச் சொன்னால், கூட நிற்பதுதான் சரி. அவள் விரும்பிச் சொல்கிறாளா, வேறு வழியில்லாமல் சொல்கிறாளா என்று நேராகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும் இருவரும் சேர்ந்தே

கேட்க இதைவிட நியாயமான வழி இல்லை. எந்த முடிவும் ஒருவருடையது இல்லை, எல்லாம் நம்முடையது. நிச்சயத்துக்குப் பிறகு ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ள இது நல்ல பழக்கமும்கூட. பணத்தைப் பார்த்து ஒருவர் எப்படிப் பயப்படுகிறார், நெருக்கடியில் எப்படிப் பேசுகிறார் என்பதெல்லாம் மூன்று மண்டபம் சேர்ந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஆனால் நேரக் கணக்கு இடிக்கிறது. மண்டபம், சமையல், புகைப்படம், அழைப்பிதழ், உடை, அலங்காரம், ஒலி, வண்டி, தங்குமிடம், இன்னும் சில என்று மொத்தம் 12 வேலைகள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் மூன்று இடம் விசாரிக்கிறோம், ஓர் இடத்துக்கு இரண்டு மணி நேரம். மொத்தம் 72 மணி. இரண்டு பேரும் சேர்ந்தே போனால் 144 மணி நேரம் செலவாகிறது, அதுவும் இருவருக்கும் ஒரே சமயத்தில் ஓய்வு கிடைக்கும் நாட்களில் மட்டும். வேலைக்குப் போகிறவர்களுக்கு அது வார இறுதி மட்டும்தான். மூன்று மாத அவகாசம் என்றால் ஒவ்வொரு வார இறுதியிலும் ஐந்து மணி நேரத்துக்கு மேல் இதற்கே போய்விடும்.

இன்னொரு சிக்கல், எல்லாவற்றையும் சேர்ந்து செய்தாலும் சமமாகச் செய்த நிறைவு வருவதில்லை. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ராஸ், ஃபியோரி சிகோலி என்ற இரு உளவியலாளர்கள் 1979இல் வெளியிட்ட ஆய்வில், 37 தம்பதிகளிடம் 20 வீட்டு விஷயங்களைக் கொடுத்து, ஒவ்வொன்றிலும் உங்கள் பங்கு எவ்வளவு என்று கணவன் மனைவி இருவரையும் தனித்தனியாகக் கேட்டார்கள். 20இல் 16 விஷயங்களில் இருவரின் பங்கையும் கூட்டினால் முழுமைக்கு மேல் போனது. யாரும் பொய் சொல்லவில்லை. நாம் செய்தது நமக்கு எளிதில் நினைவுக்கு வருகிறது, அடுத்தவர் செய்தது அத்தனை எளிதில் வருவதில்லை. யார் எதைச் செய்வது என்று கோடு போடாத வேலையில் இருவருமே "நான்தான் அதிகம் செய்தேன்" என்று மனமார நம்ப முடியும். சண்டைக்கு இதைவிட நல்ல விதை வேண்டாம்.

சேர்ந்தே செய்ய வேண்டியவை நான்கு: நாள், மொத்தச் செலவு, மொத்தம் எத்தனை பேர், சடங்கு எந்த முறையில். இந்த நான்கும் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிப்பவை. இவற்றுக்கு எவ்வளவு நேரமானாலும் உட்கார்ந்து பேசலாம். நாற்காலி உறையின் நிறத்துக்கு இரண்டு பேர் தேவையில்லை.

பிரித்துக்கொள்வது: "இது முழுக்க என் பொறுப்பு"

நான் மறுபடி கல்யாண ஏற்பாட்டில் இறங்கினால் இந்த வழியைத்தான் எடுப்பேன். என் தம்பிக்கும் இதைத்தான் சொன்னேன்.

வேலைகளைத் துறை துறையாகப் பிரித்து, ஒரு துறையை ஒருவர் ஆரம்பத்திலிருந்து முடிவுவரை எடுத்துக்கொள்வது. யோசிப்பது, விசாரிப்பது, பேரம் பேசுவது, பணம் கொடுப்பது, நடந்ததா என்று பார்ப்பது, கல்யாணத்துக்குப் பின் கணக்கு முடிப்பது எல்லாம் அவர் வேலை. அடுத்தவர் அதை நினைக்கவே தேவையில்லாத அளவுக்கு.

பிரிப்பதற்கு முன்னால் ஒரு பேச்சு அவசியம். ஒவ்வொரு துறையிலும் இதற்குக் கீழே போகக் கூடாது என்று ஒரு தரம் இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். புகைப்படத்தை மாப்பிள்ளை எடுத்துக்கொண்டால், "இரண்டு வீட்டுப் பாட்டிகளோடும் தனியாக ஒரு படம் கண்டிப்பாக வேண்டும், செலவு இந்த அளவைத் தாண்டக் கூடாது" என்று பெண் சொல்லிவிடலாம். அதற்குமேல் யாரை அமர்த்துவது, எந்தக் கோணம் என்பது அவர் முடிவு. பின்னால் வந்து "நான் வேறு மாதிரி நினைச்சேன்" என்று பிரித்துப் போடக் கூடாது. பிரித்துக்கொடுத்த வேலையைத் திரும்பப் பிடுங்கினால், அடுத்த முறை யாரும் மனமார எடுக்க மாட்டார்கள். இதில் பெண்ணும் தன் பங்குக்குக் கையை விட வேண்டியிருக்கிறது.

மாப்பிள்ளை எந்தத் துறையை எடுப்பது? வழக்கமாகப் பையன்களுக்கு வண்டியும் பாட்டும் கொடுத்துவிடுவார்கள். எடுக்கிறது என்றால் கனமானதாக எடுங்கள் என்பேன். விருந்தினர் எண்ணிக்கையை எடுங்கள். கல்யாணத்தில் அதைவிட எல்லாவற்றையும் பாதிக்கும் வேலை இல்லை. மண்டபத்தின் அளவு, சாப்பாடு, நாற்காலி, அறைகள், வண்டிகள் எல்லாமே அந்த ஒற்றை எண்ணிலிருந்து வருகின்றன.

இதைச் செய்யும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். பெயர்களை நபர் நபராக எழுதாமல் வீடு வீடாக எழுத வேண்டும். அழைப்பிதழ் வீட்டுக்கு ஒன்று, சாப்பாடு ஆளுக்கு ஒன்று. 400 பேர் வருவார்கள், சராசரியாக வீட்டுக்கு நான்கு பேர் என்றால் அழைப்பிதழ் 100 போதும், விடுபட்டவர்களுக்காக இன்னும் கொஞ்சம். இரண்டு எண்ணையும் குழப்பிக்கொண்டு 400 அழைப்பிதழ் அச்சடித்தவர்களை எனக்குத் தெரியும். ஒவ்வொரு வீட்டுக்கும் நேராக மூன்று கட்டம்: நிச்சயம் வருவார்கள், வரலாம், வாழ்த்து மட்டும். கூடவே எந்த வேளைக்கு எத்தனை பேர், இரவு தங்குகிறார்களா, உணவில் ஒவ்வாமை உண்டா, சக்கர நாற்காலி தேவையா. ஒரே பட்டியல், ஒரே இடத்தில். அம்மா ஒரு தாளில், மாமனார் ஒரு தாளில், நாம் கைபேசியில் என்று மூன்று பட்டியல் இருந்தால் மூன்றும் தப்பாகத்தான் இருக்கும்.

அப்புறம், யார் பட்டியலிலிருந்து பெயரை வெட்டுவது என்ற கஷ்டம் வரும். 400 பேருக்கு 10 சதவீதம் கூடினால் 40 சாப்பாடு. இடம் போதாமல் போகும்போது தன் அலுவலகப் பெயர்களை மாப்பிள்ளை முதலில் குறைத்தால், இரண்டு வீட்டுப் பெரியவர்களும் தாமாகவே இறங்கி வருவார்கள். நான் இதை நேரில் பார்த்திருக்கிறேன்.

ஒப்பந்தங்களும் நல்ல துறை. மண்டபச் சாவி எத்தனை மணிக்குக் கைக்கு வரும், எத்தனை மணிக்குக் காலி செய்ய வேண்டும், மின்சாரமும் சுத்தம் செய்யும் கூலியும் வாடகைக்குள் வருமா, மின்சாரம் போனால் என்ன மாற்று, நாள் மாறினால் முன்பணம் திரும்புமா. புகைப்படக்காரர் என்றால், மாதிரிப் படங்களை எடுத்த அதே ஆள்தான் வருவாரா, எத்தனை மணி நேரம் இருப்பார், படங்கள் எத்தனை வாரத்தில் கைக்கு வரும், அதுவரை வேறொரு பிரதி எங்கே இருக்கும். வாயால் சொன்னதை எல்லாம் அன்றைக்கே ஒரு குறுஞ்செய்தியாக எழுதி அனுப்பி, "சரி" என்ற பதிலை வாங்கி வைத்தால் போதும். கடைசி வாரத்தில் அந்த ஒரு "சரி" பல பேச்சுவார்த்தைகளை மிச்சம் பிடிக்கும்.

எந்தத் துறையை எடுத்தாலும் நாட்களை இரட்டிப்பாக்கி எழுதிக்கொள்ளுங்கள். நாம் எல்லோருமே வேலைக்கு ஆகும் காலத்தைக் குறைத்துத்தான் கணிக்கிறோம். 1994இல் வந்த ஓர் உளவியல் ஆய்வில், பட்டப்படிப்பு ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த மாணவர்கள் சராசரியாக 33.9 நாளில் முடிப்போம் என்றார்கள். முடிக்க 55.5 நாள் ஆனது. தாங்களே எழுதும் ஏட்டுக்கே இப்படி என்றால், அச்சகம், தையல்காரர், ஓட்டுநர் என்று அடுத்தவர் கையில் இருக்கும் வேலைக்கு எவ்வளவு இடம் விட வேண்டும்!

இந்த வழியிலும் ஓட்டை உண்டு. துறைக்கும் துறைக்கும் நடுவில் வேலைகள் விழும். வண்டி இவர் பொறுப்பு, தங்குமிடம் அவர் பொறுப்பு. பின்னிரவில் வந்து இறங்கும் குடும்பத்துக்கு அறைச் சாவியை யார் கொடுப்பது? அதற்காக வாரத்துக்கு அரை மணி நேரம், ஒரே நாள் ஒரே நேரத்தில், இருவரும் பேசிக்கொண்டால் போதும். மற்ற நாட்களில் கல்யாணப் பேச்சு இல்லாமல் சும்மாவும் பேசிக்கொள்ள முடியும். நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் இடைப்பட்ட நாட்கள் திரும்பி வராதவை.

ஆள் வைத்துக்கொள்ளலாம்

திருமண ஏற்பாட்டாளரை அமர்த்துவது. கையில் பணம் இருந்து நேரம் இல்லாதவர்களுக்கு இது நல்ல வழி. அவர்களுக்கு விலை தெரியும், ஆட்கள் தெரியும், எந்த வேலை எத்தனை நாளுக்கு முன் தொடங்க வேண்டும் என்பது பழக்கத்தில் இருக்கும்.

முன்கூட்டியே கேட்க வேண்டியது அவர்களுக்குப் பணம் எப்படி வருகிறது என்பது. மொத்தமாக ஒரு தொகையா, மொத்தச் செலவில் ஒரு சதவீதமா, அல்லது அவர் கூட்டிவரும் ஆட்களிடமிருந்து கமிஷனா? சதவீதம் என்றால் நம் செலவு கூடக் கூட அவர் வருமானம் கூடும். கமிஷன் என்றால் நமக்குப் பொருத்தமானவரை விட்டுவிட்டு அவருக்குக் கொடுக்கிறவரைக் கூட்டிவர வாய்ப்புண்டு. நேர்மையானவர்கள் இதைக் கேட்டால் கோபிக்க மாட்டார்கள், தெளிவாகச் சொல்லிவிடுவார்கள். எல்லாவற்றுக்கும் ஆள் வைக்க வசதி இல்லாவிட்டால், கல்யாண நாளை மட்டும் நடத்திக்கொடுக்க ஒருவரை அமர்த்தலாம். ஏற்பாட்டை நாமே செய்துவிட்டு அன்றைய ஓட்டத்தை அவர் கையில் கொடுப்பது.

ஆள் வைத்துவிட்டோம் என்று மாப்பிள்ளை நிம்மதியாகி, அந்த ஆளின் போன் எல்லாம் பெண்ணுக்கு வருவதையும் பார்த்திருக்கிறேன். அப்படியானால் இது வேறு பெயரில் முதல் வழிதான். "எது கேட்பதானாலும் என்னிடம் கேளுங்கள்" என்று மாப்பிள்ளை தன் எண்ணைக் கொடுத்தால் இந்த வழி முழுப் பலன் தரும்.

எந்த வழியிலும் கைமாற்ற முடியாதவை

முதலாவது, தன் வீட்டாரிடம் பேசுவது. இதைப் பற்றி ஏற்கெனவே சொன்னேன், இன்னொரு தடவையும் சொல்வேன். அவள் வீட்டில் வரும் பிரச்சினையை அவள் பேசட்டும், நம் வீட்டில் வருவதை நாம் பேசுவோம். பேசும்போது "அவளுக்கு இது பிடிக்கலைம்மா" என்று ஆரம்பிக்கக் கூடாது. "நாங்க ரெண்டு பேரும் பேசி இப்படி முடிவு பண்ணிருக்கோம்மா" என்று சொன்னால், கோபம் வந்தாலும் அது மகன் மேல் வரும், சீக்கிரம் ஆறும்.

இரண்டாவது, பணத்தைப் பற்றிய உண்மை. சேமிப்பு எவ்வளவு, கடன் எவ்வளவு, யார் யார் எவ்வளவு தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்பதைப் பெண்ணிடம் மறைக்காமல் சொல்வது. ஆண்டுரூ பிரான்சிஸ், ஹியூகோ மியாலன் என்ற இரண்டு பொருளியலாளர்கள் அமெரிக்காவில் திருமணமான 3000க்கும் அதிகமானவர்களிடம் தகவல் சேகரித்து, 2015இல் வெளியிட்டார்கள். திருமணத்துக்கும் மோதிரத்துக்கும் அதிகம் செலவழித்தவர்களிடம் மண வாழ்க்கை நீடிப்பது பொதுவாகக் குறைவாக இருந்தது. நிறையப் பேர் வந்து வாழ்த்திய திருமணங்களில் கூடுதலாக இருந்தது. செலவுதான் பிரிவுக்குக் காரணம் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது, இரண்டும் சேர்ந்து காணப்பட்டன என்பது மட்டும்தான். ஆனாலும் கடன் வாங்கியாவது பெரிதாகச் செய்ய வேண்டும் என்று வீட்டில் யாராவது சொல்லும்போது, கல்யாணத்துக்கு மறுநாள் அந்தக் கடனை அடைக்கப் போவது இந்த இரண்டு பேர்தான் என்று சொல்ல வேண்டியவர் மாப்பிள்ளை.

மூன்றாவது, சட்டப்படியான பதிவு. ஐக்கிய நாடுகள் அவை 1962இல் கொண்டுவந்த உடன்படிக்கை இருவரின் முழு மனச் சம்மதம், குறைந்தபட்ச வயது, பதிவு மூன்றையும் ஒரே மூச்சில் பேசுகிறது. அந்த வரிசை எனக்கு முக்கியமாகப் படுகிறது. நடைமுறையில், எல்லா ஆவணங்களிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா, என்னென்ன சான்று வேண்டும், சாட்சிகள் யார், முன்கூட்டி அறிவிப்புக் கொடுக்க வேண்டுமா என்பதை நிச்சயமான மாதமே பார்த்துவிட வேண்டும். பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தால் அதைத் திருத்தவே பல வாரம் ஆகலாம்.

உடை, முடி, உடம்பு இதெல்லாம் அவரவர் வேலை. மாப்பிள்ளையின் செருப்பு அளவை நினைவில் வைத்திருப்பது பெண்ணின் பொறுப்பு இல்லை.

அப்படியானால் யாருக்கு எது

ஐந்தில் ஒன்றை மட்டும் தனியாக எடுக்க வேண்டும் என்றில்லை. தொலைவில் இருக்கும் மாப்பிள்ளை ஊருக்கு வராமலே செய்யக்கூடிய துறைகள் இருக்கின்றன: விருந்தினர் பட்டியல், பணக் கணக்கு, ஒப்பந்தங்கள், அழைப்பிதழ் வாசகம். இவற்றை எடுத்துக்கொண்டு, நேரில் நின்று செய்ய வேண்டியதைப் பெரியவர்களிடம் விடலாம். ஐம்பது பேர் கூடும் சின்னக் கல்யாணத்தில் எல்லாவற்றையும் சேர்ந்தே செய்வதில் தப்பில்லை, வேலையும் அவ்வளவு இல்லை. இரண்டு வீட்டுப் பழக்கமும் வேறு வேறாக இருக்கும் கல்யாணத்தில் துறை பிரிப்பதற்கு முன்னால், சடங்கு முறையை மட்டும் இருவரும் பல நாள் பேச வேண்டியிருக்கும், அவசரப்படுத்த வேண்டாம். ஒரு மாதம்தான் இருக்கிறது என்றால், விசாரிப்பதைக் குறையுங்கள். மூன்று இடத்துக்குப் பதில் ஓர் இடம், பெரியவர்கள் கைகாட்டும் ஆள், உடனே முடிவு.

பெரிய கல்யாணம், இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், மூன்று முதல் ஆறு மாத அவகாசம் என்றால் எனக்குச் சந்தேகமே இல்லை. துறை பிரிப்பதுதான்.

என் தம்பி அப்படித்தான் செய்தான். பணம், விருந்தினர், வண்டி மூன்றும் அவனுடையது. கல்யாணத்துக்கு முந்தின இரவு மேசையில் ஒன்பது கவர்களைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு கவரின் மேலும் பெயர், போன் எண், மொத்தத் தொகை, கொடுத்த முன்பணம், பாக்கி, எந்த வேலை முடிந்ததும் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தான். உள்ளே எண்ணி வைத்த பணம். எல்லாவற்றையும் அத்தை மகனிடம் கொடுத்து, "யார் வந்து கேட்டாலும் நீதான். என்கிட்டயோ அவகிட்டயோ அனுப்பாதே" என்றான். மறுநாள் மதியம் அவர்கள் இருவரும் சாப்பிட உட்கார்ந்தபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். பின்னால் யாரும் வந்து நிற்கவில்லை. அவர்கள் எழுந்து கை கழுவும்போது அத்தை மகன் கையில் ஒரு கவர் மட்டும் மீதி இருந்தது. அது வண்டி ஓட்டுநர்களுடையது. முதல் நடை விருந்தினர்களைக் கொண்டுவிட்டு அவர்கள் இன்னும் திரும்பியிருக்கவில்லை.